மமதாவின் அம்மா வீடு இரும்புலியூரில்

என் ஸ்டெல்லாக்கா,

நீ எங்களை விட்டுப் போன பிறகு நம் தெருப் பெண்களின் குழு கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கலையவில்லை. கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்களில் யார் கர்ப்பமானாலும், நம் இரும்புலியூர்க் குழுவில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகிறாள், நீ பழக்கியபடியே. கடுகு எண்ணெய்க்கு அவர்கள் என் மளிகைக் கடைக்குத்தான் வருகிறார்கள். வியாபாரத்துக்காகத்தான் வாங்கி வைத்தேன். யாருக்கு எத்தனை மாதம் என்ற சேதியும் கூடவே வந்துவிடுகிறது.

இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் முடியவில்லை. ஒடிசாக்காரி மமதாவுக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். முகமும் காலும் வீங்கி, தலைவலி, கண் முன்னால் பொறி பறக்கிறது என்கிறாள். சுகாதார நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, விட்டா வலிப்பு வந்துடும்" என்றார். மமதாவோ பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மதியம் ரயில். அங்கேயும் முதல் குழந்தை அம்மா வீட்டில்தானாம்.

"அக்கா, டிக்கெட் இருக்கு. அவ அம்மா வெயிட்டிங்" என்றான் அவள் புருஷன் பிகாஷ்.

"இன்னாபா நீ, ரயில்ல ஃபிட்ஸ் வந்தா டி.டி.ஆரா பிரசவம் பாப்பாரு?" என்று கத்தினாள் நம்ம மீன்காரப் பரிமளா.

மமதா அசையவில்லை. போன மாதம் ஸ்கேனுக்குப் போனபோது, துணைக்குப் போனவளை வெளியே நிறுத்திவிட்டு, பாஷை புரியாமல் விழித்தவளை யாரோ அதட்டியிருக்கிறார்கள். அங்கே தனியாகக் கிடப்பதைவிட ரயிலே மேல் என்கிறாள். தப்பென்று சொல்ல முடியுமா? பிரசவ வார்டு நர்ஸாக இருந்த நீ தலையைத் தடவியே சம்மதிக்க வைத்திருப்பாய். எனக்கு வருவது பேரம்தான்.

"பிகாஷ், அவ அம்மாவுக்குப் போன் போடு. அவங்கள இங்க கிளம்பி வரச் சொல்லு."

அந்த அம்மா மறுத்துவிட்டாள். அவர்கள் வழக்கப்படி மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளாம்.

"மருமகன் வீட்டுக்கு யாரு கூப்பிட்டா? என் வீட்டுக்கு வரச் சொல்லு. நான் மமதாவுக்குச் சித்தி. தங்கச்சி வீட்லயும் சாப்பிட மாட்டாங்களான்னு கேளு."

பிகாஷ் அதை அவர்கள் பாஷையில் போனில் சொன்னான். மமதா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்கிறாள். பிறகு அந்த அம்மா மகளிடம் ஏதோ சொன்னாள். மமதா பையை என்னிடம் நீட்டினாள்.

ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றபோது நான் வேண்டாத சாமி இல்லை, உன் மாதாவையும் சேர்த்துத்தான்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிக்குஞ்சு மாதிரிக் கிடக்கிறது, ஆனால் அழுகிறது. மமதாவுக்குப் பிரஷர் இன்னும் இறங்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. அவள் அம்மா ரயில் பிடித்து வந்து சேர நாளை மறுநாள் ஆகிவிடும். அதுவரை தாங்குவாளா அக்கா? யாரைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்கிறார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உன்னைத்தானே கேட்பேன்?

கடை மூடிக் கிடக்கிறது. கிடக்கட்டும். அவள் பாஷையில் எனக்கு ஒரு சொல்லும் வராது. ஆனால் அவள் கண் விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்று எதிரில் இருக்கும். உள்ளே விட மறுத்தால் சண்டை போட்டாவது இருக்கும்.

உன் தங்கச்சி,
மமதாவுக்குச் சித்தி,
மல்லிகா