சாமிக்கு உள்ள விசிறி

சிவராத்திரி, செவ்வாய்.

பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தில் பத்மநாபபுரம்வரை வந்த தம்பி மணி, உச்சி வெயிலில் வந்த வழியே திரும்பி ஓடினான். மறித்தேன். "நீங்க ஆரு?" என்றான்.

உடம்பு சூடேறினால் ரத்தம் தோலுக்குப் பாயும்; மூச்சிரைப்பில் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி நினைவு தடுமாறும். நர்ஸான எனக்கு இது பாடம். ஆனால் அக்காவை மறந்த பிறகும் கால்கள் ஓடுவதையும் உதடு ஓட்டக்காரர்களின் "கோபாலா"வை விடாமல் சொல்வதையும் இன்றுதான் கண்டேன்.

கையில் ஓலை விசிறி இருந்தும் அவன் தனக்கு வீசிக்கொள்ளவில்லை. அது கோயில்தோறும் சாமிக்கு வீச. அதைப் பிடுங்கினேன். நிழலில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீசினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தக் கண்களுக்குள் நான் திரும்பி வந்தேன்.

"அக்கா, சாமிக்கு உள்ளதுல்லா அது? எனக்கு வீசுதியே."

"சாமிக்குத்தாம்லே வீசுதேன்."