டிவியில் வந்த மூன்று வரி

பாயா ரும்புட்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கணேஸ்வரனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அகல்யா அக்காவும் இங்கே ஏதோ நலம், நீயும் பெர்த்தில் நலமாக இருப்பாய், பாலிக்குப் போய் வந்த களைப்புக்கூட இந்நேரம் தீர்ந்திருக்கும். அப்பா ஏன் போனை எடுப்பதில்லை என்று அக்காவிடம் சண்டை போட்டாயாமே, அவளைத் திட்டாதே, எட்டு நாளாக நான்தான் எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் கண்டபடி வந்துவிடும் என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் இந்த மலாக்காவில் ஊரார் கடிதத்தை மோட்டாரில் சுமந்து கொடுத்தவன் நான், ஒரு உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவனை முப்பது பேர் நடுவில் அடுத்தவர் கடிதத்தைப் படிக்க வைத்துவிட்டாய்.

அம்மாவின் தலைத்திவசத்துக்கு நீ வருவாய் என்று சித்திரையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வாரம் போன் பண்ணி, "லீவு கெடைக்கலப்பா, பாஸ் விடமாட்றாரு" என்றாய். நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் சுங்கை ரம்பாய் சொந்தக்காரர்கள் வரைக்கும் போன் போட்டு, "புள்ளைக்கு லீவு இல்ல, வெளிநாட்டு வேலன்னா அப்படித்தான் லா" என்று உனக்காக வக்காலத்து வாங்கினேன். டிவியில் வந்துவிடுகிறேன் என்று நீயே வழி சொன்னாய். தீபாவளிக்கு நீ அனுப்பிய அந்தச் சாமான், டிவிக்குப் பின்னால் செருகுகிற கட்டைவிரல் அளவு குச்சி, அதுவரை பெட்டியிலேயே கிடந்தது. போனும் அதுவும் ஒரே வைஃபையில் இருக்கணும், அப்புறம் ஸ்கிரீன் மிரர் என்று இருப்பதை அமுக்கணும் என்று நீ சொல்லச் சொல்லப் பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். என்னுடையது கிழட்டுப் போன், பிடிக்கவில்லை, அக்கா போனில் உடனே பிடித்தது. போனில் வருவதெல்லாம் டிவியிலும் தெரியும், மெசேஜை அடைத்துவைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். நான்தான், "வேணாம்மா, அம்மாவ நெனச்சு யாராச்சும் ரெண்டு வார்த்த போடுவாங்க, வந்தா வரட்டும்" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அம்மா படத்துக்கு மாலை போட்டு டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தோம், தாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கட்டும் என்று. அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பலும் படையலில் இருந்தது, அக்கா விடியற்காலையிலேயே எழுந்து செய்தாள். சரியாகப் பத்து மணிக்கு நீ டிவியில் வந்தாய். மீனம்மா பெரியம்மா எழுந்து போய்த் திரையைத் தடவித் திருஷ்டி கழித்தாள், கூடப் பிறந்தவள் பிள்ளை இல்லையா. பையன் பேர் சொல்லட்டும், எள்ளும் தண்ணீரும் அப்பா கையால் விடட்டும் என்றார் பண்டாரம். நீ சொன்னாய், நான் விட்டேன். அப்புறம் நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிள்ளை அம்மாவைக் கும்பிடுகிறான் என்று நினைத்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அக்கா போனுக்கு நீ அனுப்பிய மெசேஜ் டிவியில் உன் தலைக்கு மேலே பட்டையாக வந்தது, ஒவ்வொரு எழுத்தும் விரல் நீளம். "அக்கா, இன்னும் எவ்ளோ நேரம்?" அடுத்தது, "நாளைக்கு பாலி ஃப்ளைட் லா, இன்னும் பேக் பண்ணல." மூன்றாவது, "லீவு போட்டது அப்பாவுக்குத் தெரிய வேணாம்." ஆங்கில எழுத்தில் தமிழ். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள். பண்டாரம் மணியை நிறுத்தினார். உன் மாமா வீரப்பன் எழுந்து வெளியே போனவர் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை. அக்கா பதறிப்போய் எதையோ அமுக்கினாள், நீயும் போய்விட்டாய், திரை கறுப்பாகிவிட்டது. லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். நான்தான் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அக்காவைத் தடுத்தேன்.

பெரியம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. "என்னா தம்பி எழுதியிருந்துச்சு, புள்ள என்னா சொல்றான்?" என்று சத்தமாகக் கேட்டாள். வீடே என் வாயைப் பார்த்தது. "அம்மா காலடியில என் பேருக்கு ஒரு பூ வைங்கன்னு சொல்றான்" என்றேன். "பெத்தவ மேல என்னா பாசம் பாரு" என்று அழுதுகொண்டே ஒரு சாமந்தியை எடுத்து வைத்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த முப்பது பேரும் எனக்காகச் சேர்ந்து பொய் சொன்னார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ பாலிக்குப் போனதற்கு நான் கோபப்படவில்லை. போகிறேன் என்று சொல்லியிருந்தால் நாலு திட்டுத் திட்டியிருப்பேன், அப்புறம் ஆறியிருப்பேன். இங்கே பத்து மணி என்றால் உனக்கும் பத்து மணிதான், ஐந்தரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கலாம். டயாலிசிஸ் முடிந்து வரும்போதெல்லாம் கணேஸ் கூப்பிட்டானா என்று கேட்டவள் உன் அம்மா, அவளுக்காக ஒரு அரை மணி நேரம் தலை நிமிர்ந்து உட்கார உன்னால் முடியவில்லையே. குச்சியை இதே தபாலில் திருப்பி அனுப்புகிறேன். எனக்குத் திவசம் வரும்போது டிவி வேண்டாம், வருவதானால் வா, இல்லையென்றால் விட்டுவிடு.

அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. பெற்ற வாய்க்குச் சாபம் வரவில்லை, நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. பெரியம்மா போகிற இடமெல்லாம் அந்தப் பூவைப் பற்றியே பேசுகிறாளாம், அடுத்த மாதம் உனக்குப் போன் பண்ணப் போகிறாளாம். என்ன பூ என்று கேட்டுவிடாதே. ஆமாம் பெரியம்மா, நான்தான் வைக்கச் சொன்னேன் என்று சொல்.

இன்னமும் உனக்காக வக்காலத்து வாங்கும்
அப்பா,
பாலகிருஷ்ணன்.