கதவு பூட்டியிருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பாப்பாவும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்பில் எனக்கு எந்த மாற்றமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படிக்கும்போது உனக்கு அதில் சந்தேகம் வரலாம்.

சில வாரங்களாக நீ கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். நான் கத்தினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய், பின்னால் பாப்பா அழும், பேச்சு அத்தோடு போய்விடும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தையல் கடையைச் சாத்திய பிறகு நானும் நம் தெருப் பெண்களும் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் கூடி நாடகம் போடுகிறோம். மில் எரிந்த கதைதான் எங்கள் நாடகம். நம் அம்மா நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். பெண்கள் நேரத்துக்கு முன்பே நழுவிவிடுகிறார்கள் என்று நிர்வாகம் அந்தப் பிரிவின் பின்கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருந்தது. தீ வந்தபோதும் பூட்டு பூட்டாகவே தொங்கியது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. அம்மா வரவில்லை. அப்போது உனக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, நான்தான் போட்டுவிடுவேன்.

இதைப் பல வருடங்களாக ஊர் பேசாமல் இருந்தது. நாங்கள் பேச ஆரம்பித்ததும் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததும் கிடங்கு போதவில்லை. கூரை ஒழுகியது, விளக்குகள் அடிக்கடி அணைந்தன, ஒலிபெருக்கி தன் இஷ்டத்துக்குப் பேசியது. யாரிடமாவது உதவி கேட்கலாம் என்று நான்தான் அலைந்தேன். கலாச்சார அலுவலகத்தில், பதிவு செய்த சங்கமா என்று கேட்டார்கள். பதிவு செய்யப் போனால், இதுவரை என்ன உதவி வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அருங்காட்சியகத்தில், மில்லின் பழைய இயந்திரம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம் என்றார்கள். இயந்திரத்தை ஓட்டியவர்கள் இருக்கிறோமே என்றேன். குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். ஒரு வங்கியின் தொண்டுப் பிரிவில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாடகத்தில் மரம் நடுவது மாதிரி ஒரு காட்சி சேர்க்க முடியுமா என்றார்கள். சமூகக் கலைக்கு நிதி திரட்டுவது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள், அதற்கும் போனேன். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நிதி யார் தருவார்கள் என்று கேட்டதற்கு அடுத்த வகுப்பில் சொல்வதாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் நீ வந்தாய். நியாயமாகப் பேச வேண்டும், அதனால் சொல்கிறேன். நீ நன்றாகத்தான் செய்தாய். அங்கே வேலைக்குப் போய் வந்து, பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, எந்த அறக்கட்டளை கலைக்குக் கொடுக்கிறது, எது பாரம்பரியத்துக்குக் கொடுக்கிறது என்று தேடினாய். விண்ணப்பத்தையும் நீயே எழுதினாய். நாங்கள் 'வாழும் பாரம்பரியம்' என்பதை நீ எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். நம் ரேடியோ அக்கா, அதுதான் காய்கறிக் கடை, வாயை மூடாததால் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர், அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடம், "பாரம்பரியத்துகிட்ட பேரம் பேசாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிதி கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது கிடங்கே அதிர்ந்தது. உன் மாமா எனக்குத் தெரியாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் காசை வெளியே எடுப்பது அபூர்வம் என்று உனக்கே தெரியும்.

அறக்கட்டளையிலிருந்து திட்ட அலுவலர் வந்தார். நல்ல பெண். சின்ன வயது. நாற்காலி கொடுத்தும் தரையில்தான் உட்கார்ந்தார். ஒத்திகையைப் பார்த்து அழுதார். நடிப்பு அழுகை இல்லை, மூக்கு சிவந்துவிட்டது. அதனால்தான் அவர் அடுத்து சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை.

எரிந்த மில்லைப் புதுப்பித்து ஒரு கலை மையமாக்குகிறார்களாம். அதைத் திறந்து வைக்கும் நாளில் எங்கள் நாடகம்தான் முதல் நிகழ்ச்சியாம். மையத்துக்கு இடம் கொடுத்திருப்பவர்கள் மில் முதலாளியின் பேரன்கள். அறக்கட்டளைக்குப் பெரிய ஆதரவும் அவர்கள்தானாம். அதனால் வசனத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சின்னத் திருத்தம். 'கதவு பூட்டியிருந்தது' என்று வருகிற இடத்தில் 'கதவைத் திறக்க முடியவில்லை' என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அர்த்தம் ஒன்றுதானே, சட்டச் சிக்கலும் வராது என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சமாதானமாகச் சொன்னார்: "உங்க தம்பிகிட்ட ஏற்கனவே பேசிட்டோம் மேடம். அவர் சம்மதிச்சுட்டார். பாதிக்கப்பட்ட குடும்பமே ஒத்துக்கிட்டா எங்களுக்கும் நிம்மதி."

தம்பி, அந்த நிமிஷம் நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? ரேடியோ அக்காவை. அவள் வாய் பேசாமல் நின்றதை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் என் தம்பி அம்மாவின் சாவை ஒரு தொலைபேசிப் பேச்சில் முடித்துக் கொடுத்துவிட்டான் என்று ஒரு வெளியாள் வந்து எனக்குச் சொல்கிறார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

யாரைக் கேட்டுச் சம்மதித்தாய்? பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் நீ மட்டுமா? நான் யார்? எங்களுக்கு விளக்கு மாட்டித் தரும் எலக்ட்ரீஷியனின் மனைவி, மில்லில் சித்தியைப் பறிகொடுத்தவள், அவள் யார்? கடைசி வீட்டில் இரண்டு மகள்களையும் மில்லுக்கு அனுப்பிவிட்டு ஒருத்தியை மட்டும் திரும்பப் பெற்றவர் யார்? அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒப்புதல் சொல்ல உன்னை எந்தத் தெரு தேர்ந்தெடுத்தது?

அவர் போன பிறகு கிடங்கில் பெரிய சண்டை. எல்லோரும் என் பக்கம் நின்றார்கள் என்று நினைக்காதே. எலக்ட்ரீஷியன் மனைவி நேராகக் கேட்டாள்: "அக்கா, ஒரு வரிக்காக இதை விடணுமா? மழையில நனைஞ்ச ஒயரைத் தொட்டு என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கு ஒரு நாடகம் போடுவீங்களா?" அவள் கேட்டதில் தப்பில்லை. உன் மாமாவும், வரி அச்சில் எப்படியோ இருக்கட்டும், மேடையில் பழையபடி சொல்லிவிடலாம் என்று தந்திரம் சொன்னார். கொஞ்ச நேரம் எனக்கே மனசு ஆடியது. நல்ல மேடை, ஒழுகாத கூரை, ஊரே பார்க்கும். ஆடாமல் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் ரேடியோ அக்கா பேசினாள். மெதுவாகப் பேசினாள். மில் எரிந்த அன்று குளியலறை ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே குதித்தவள் அவள். அது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதை நாடகத்துக்குக்கூட அவள் முழுதாகச் சொன்னதில்லை. கிடங்கில் அன்றுதான் சொன்னாள்.

"நான் வெளியில வந்ததும் ஓடிடல. சுத்தி ஓடி அந்தக் கதவுக்கு வந்தேன். உள்ள இருந்து தட்டுறாங்க. உங்கம்மா என் பேரைச் சொல்லித் தட்டுறா. பூட்டைப் பிடிச்சுத் தொங்கினேன். கல்லால அடிச்சேன். தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும் அடிச்சேன். இப்ப வந்து 'திறக்க முடியல'ன்னு சொல்லச் சொல்றீங்க. யாரால திறக்க முடியல? என்னாலதானே? அப்ப பூட்டினவன் கதையில இல்ல, திறக்கத் தெரியாத நான் மட்டும் இருக்கேன். அப்படித்தானே?"

எலக்ட்ரீஷியன் மனைவிதான் முதலில் எழுந்து போய் ரேடியோ அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீ படித்தவன். இரண்டு வாக்கியத்துக்கும் அர்த்தம் ஒன்றுதானா? சொல்.

மறுநாள் நான் அலுவலரைக் கூப்பிட்டு, உங்கள் நிதி வேண்டாம் என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். "தனிப்பட்ட முறையில நான் உங்க பக்கம்தான் மேடம்" என்றார். தனிப்பட்ட முறை என்று எங்காவது ஒரு தெரு இருந்தால் சொல்லுங்கள், அங்கே வந்து நாடகம் போடுகிறோம் என்றேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. பாவம், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கும் மேலே பேரன்கள் இருப்பார்கள்.

நாடகத்தை நாங்கள் விடவில்லை. விளக்கை நம்ப முடியாது என்பதால் பகலில் போட்டோம். கூரையை நம்ப முடியாது என்பதால் டயர் கடைக்கு முன்னால், தெருவிலேயே போட்டோம். வெயிலில் நின்று பார்த்தார்கள். பேருந்து வழி கேட்டு ஹாரன் அடித்தது, ஓட்டுநர் என்னவென்று புரிந்துகொண்டு எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் இறங்கி நின்றார். கதவுக் காட்சி வந்தது. ரேடியோ அக்கா பூட்டைப் பிடித்தாள். 'கதவு பூட்டியிருந்தது' என்று அவள்தான் சொல்ல வேண்டும், ஆனால் அவள் பூட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள். வரி வரவில்லை. உள்ளே நின்று தட்டிக்கொண்டிருந்த எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "பூட்டியிருந்துச்சு!" என்று கத்தினார். அவர் மில்லில் பாரம் தூக்கியவர் என்று பிறகு தெரிந்தது. பிறகு வேறொரு குரல். பிறகு பெண்கள். எங்கள் வசனத்தை ஊர் சொன்னது, தம்பி. அத்தனை வருடம் வாயில் வைத்திருந்ததைத் துப்பியது மாதிரி சொன்னது.

டயர் கடைக்காரர் அடுத்த வாரம் பழைய தார்ப்பாய்களை எடுத்துக்கொண்டு ஏறி, கிடங்குக் கூரையை மூடினார். நன்றி சொன்னேன். "மழை என் டயர் மேலயும்தான் ஒழுகுது, நீங்க வேற" என்று எரிந்து விழுந்தார். அவரிடம் விண்ணப்பம் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் போனை எடுத்து உன்னை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். முடியவில்லை. நாங்கள் இல்லாவிட்டால் என்ன, பெரிய நகரத்திலிருந்து தொழில்முறைக் குழு ஒன்றை வரவழைத்து மையத்தின் திறப்பு நாளில் அதே நாடகத்தைப் போடப் போகிறார்களாம். நீ விண்ணப்பத்தோடு அனுப்பிய எங்கள் வசனம் அவர்களிடம் இருக்கிறது. உன் சம்மதமும் இருக்கிறது. நம் அம்மாவை யாரோ ஒருத்தி அழகாக நடிப்பாள். கதவு மட்டும் தானாகச் சிக்கிக்கொள்ளும். பேரன்கள் கை தட்டுவார்கள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அவர்களுக்கு இன்றே எழுது. அம்மாவின் பேரில் நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுது. இந்த வசனம் தெருப் பெண்களுடையது, அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு சொல்லைக்கூடத் தொடக்கூடாது என்று எழுது. நயமாக எழுதாதே. உனக்கு நயமாக எழுத நன்றாக வரும் என்பதுதான் இங்கே பிரச்சினை.

நீ ஏன் சம்மதித்தாய் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கூரை கிடைக்கட்டும், அக்கா அலையாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாடகத்தை நான் போனில் எத்தனையோ முறை உனக்குக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மா வேலைக்குக் கிளம்பும் காட்சிவரை பார்ப்பாய். பிறகு சிக்னல் போய்விடும். உன் ஊரில் அப்படி என்ன சிக்னல், தம்பி?

உன்னைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன்தான். ஆனால் அந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அப்படிச் சொன்னால் ஒரு நாள் நன்றாகத் தூங்கலாம். அடுத்த நாள் அம்மாவை நாமே விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

விடுப்பு கிடைக்கும்போது மனைவியையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. உனக்காக ஒரு முறை நாடகம் போடுகிறோம், எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். உள்ளே நின்று தட்டுவது நான்தான். நீ முன்னால் உட்கார்ந்து கடைசிவரை பார். எழுந்து போய்விடாதே, கண்ணா.

நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். கோபம் தீரவில்லை.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா