கட்டில் மேல் வைத்த ஊசி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படிக்கையில் உங்கள் நெஞ்சு பதறக் கூடாது. போனில் சொன்னால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். மூன்று தாள் கிழித்தாயிற்று.

அணைக்கட்டு வேலை எப்படிப் போகிறது? கூடாரத்துக்குள் தண்ணீர் வருகிறது என்றீர்களே, படுக்கையை மாற்றினீர்களா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்னறையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாப்பாவும் பக்கத்து வீட்டுக் குட்டியும் டாக்டர் விளையாட்டு. "கண்ண மூடிக்கோ, வலிக்காது" என்று பாப்பா சொல்வது கேட்டது. நூல் எடுக்க உள்ளே போனேன். குட்டி கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருக்கிறாள். பாப்பா அவள் தோளில் ஊசியென்று அழுத்திப் பிடித்திருந்தது உங்கள் கைத்துப்பாக்கி.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விரலை அழுத்திவிடுவாளோ என்று பயம். "டாக்டரம்மா, ஊசியக் கட்டில்ல வெச்சிட்டு வெளிய வாங்க, இன்னொருத்தருக்குக் காய்ச்சல்" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. பெரிய மனுஷி போலத் தலையாட்டி, வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரையும் வெளியே இழுத்துக் கதவைப் பூட்டினேன். அப்புறம் சாவியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் கூப்பிட்டு மாடி வீட்டு ராணுவக்காரர் வந்து துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். "காலியா இருக்குன்னா சொன்னாரு உங்க வீட்டுக்காரர்?" என்று மட்டும் கேட்டார். அவர் உள்ளங்கையில் இரண்டு குண்டுகள்.

சுவரெல்லாம் கிறுக்குகிறாளென்று பாப்பாவின் வண்ணப் பெட்டியை பீரோ மேல் ஒளித்துவைத்தது நான்தான். அதைத் தேடித்தான் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். ஆனால் அங்கே துண்டில் சுற்றியிருந்தது என்னவென்று அவளுக்கு முன்பே தெரியும். "அப்பா தொடைக்கிறப்ப பாத்தேன். அதுல ஒண்ணும் இல்லன்னு அப்பாதான சொன்னாரு" என்கிறாள். ஒளித்துவைத்தால் போதும், பூட்டிவைத்த மாதிரிதான் என்று இருந்துவிட்டோம், இரண்டு பேரும்.

அன்று சாயங்காலமே ராணுவக்காரரைத் துணைக்கு அழைத்துப் போய், துப்பாக்கியை லைசென்ஸோடு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். குட்டியின் அம்மாவிடம் மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த அக்கா குட்டியை அனுப்பவில்லை. பாப்பா ஜன்னலிலேயே நிற்கிறாள். நான் தையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற இழுப்பறைகளைத் திறந்து திறந்து பார்க்கிறேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டில் திருடு போனதிலிருந்து உங்களுக்குள்ள பயம் எனக்கும் உண்டு. துப்பாக்கி இருந்தே ஆகவேண்டும் என்றால், சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, குண்டுகளுக்குத் தனிப் பூட்டு, சாவி பிள்ளை கைக்கு எட்டாமல் உங்களோடு. அதையெல்லாம் பிறகு பேசலாம். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.

லீவில் வரும்போது அதைத் திரும்ப வாங்க ஸ்டேஷன் பக்கம் போகாதீர்கள். நேரே வீட்டுக்கு வாருங்கள். அவள் ஓடிவந்து தூக்கச் சொல்வாள். வெறுங்கையோடு வாருங்கள்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா