அதே மெட்டு

தங்கமே,

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். போனிலும் இதையேதான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

டிவியில் அப்பா கோச்சாக இருந்த டீமின் பழைய கேப்டனுடைய பேட்டியைப் பார்த்தாயா? அந்த ஃபுட்பால் இறுதிப் போட்டியில் அப்பா தன்னைப் பாதியில் வெளியே எடுத்தது நெஞ்சுவலிக்காகத்தான் என்று இப்போதாவது வாயைத் திறந்தான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க கோச்னு கெஞ்சினேன். கடைசி வரைக்கும் சொல்லல" என்று அழுதான். தோற்றதற்கு ஊரே அப்பாவைத்தானே வறுத்தெடுத்தது!

இன்று அந்த ரசிகர்கள் பூங்கொத்தும் டிரம்முமாக நம் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "மன்னிச்சிடுங்க கோச்" என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். வரிகள் நல்ல வரிகள்தான். ஆனால் அன்று மைதானமே "ஓடிப் போ கோச்" என்று பாடியதே, அதே மெட்டு. பாவிகளுக்கு வேறு மெட்டே கிடைக்கவில்லை.

அப்பாவுக்கு இப்போது வரிகள் எங்கே ஏறுகின்றன? மெட்டைக் கேட்டதும் ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். நான் வெளியே போய், "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்றேன். அவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார்கள்.

உள்ளே வந்தால், குடையும் கையுமாகப் பின்வாசலில் நிற்கிறார்.

"பாப்பா ஸ்கூல் விட்டு வர்ற நேரம். இந்தப் பாட்டு அவ காதுல விழக்கூடாது. பின்பக்கமா கூட்டிட்டு வந்துடறேன்."

உன் மகளே இப்போது பள்ளிக்குப் போகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். பூட்டிக் கிடந்த பள்ளி கேட்டில் இருட்டும்வரை நின்றோம்.

"டீச்சர் இன்னும் விடலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இதோ வந்துடுவா" என்றேன். வேறென்ன சொல்ல?

உன்
அம்மா