எசமானிக்காகச் சூரியனைப் பார்த்தவள்

சின்னவளின் அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலியும் அவளுடைய இருமலும் எப்படி இருக்கின்றன?

பயப்படும்படி ஒன்றுமில்லை, சும்மா சொல்கிறேன். இந்த ஊரில் வெயில் மேல்தெருக்காரர்களுக்குத்தான். எங்களைப் போன்ற வேலைக்காரர்கள் சூரியசாமியை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. அப்படியிருக்க, என்னை மாடிப்படி ஏறவிடாத எசமானியம்மா போன வாரம் தன் மஞ்சள் பட்டுச்சேலையையே எடுத்துக் கொடுத்தாள்.

"உச்சிப் பூசையில எனக்குப் பதிலா நீ நில்லு. மணி அடிக்கிற வரைக்கும் சாமியை நேரா பாக்கணும். இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?" என்றாள்.

திடீரென்று இவ்வளவு தேன் ஏன் ஒழுகுகிறது என்று எனக்கு உறுத்தியது. சமையல்கார அக்காவிடம் சொன்னேன். அவள் ஊற்றிய தண்ணீர் குவளைக்கு வெளியே போனது.

"போன வருஷம் நான்தான் நின்னேன்" என்றாள்.

மாட்டேன் என்றால் வேலை போய்விடும். போய் நின்றேன். முக்காட்டுக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

எசமானிக்கு என்மேல் சந்தேகம். பார்த்தவள் கண் மங்கினால்தான் வேண்டுதல் பலிக்குமாம், அக்கா சொல்கிறாள். அதனால் எசமானி தினமும் நூலைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேட்கிறாள். நானும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

இனிக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அவள் எதிரில்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் மட்டும், சின்னவள் என்னைத் தேடுகிறாளா என்று பொடி எழுத்தில் எழுதுங்கள். அதைத் தனியாக இருக்கும்போது படித்துக்கொள்வேன்.

கூப்பிடுகிறாள். சுவரைத் தடவிக்கொண்டேதான் போகவேண்டும்.