மைதாவின் பாலை முதல் நாள் கொடுக்காதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் மாடி அறைப் பூனைகளும் சுகமாகத்தான் இருக்கிறோம், இந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்பவர் ஒருவர்கூட இல்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே "சரிம்மா, தெரியும்மா" என்கிறாய், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதுதான். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் நடப்பதில்லை, மேனேஜர் மடியில் படுத்துத் தூங்குகிறானாம், எழுப்ப மனசு வரவில்லையாம். அந்த ஆண்பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததே தப்பு, வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் முறைக்கிறான். போன வாரம் அவன் கழுத்தில் பூச்சி இருக்கிறது என்று அப்பா கடைக்குப் போய், நாய்க்குப் போடுகிற மருந்தை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். கேட்டால் "ரெண்டும் நாலு கால்தானே" என்கிறார். நான் பார்த்திராவிட்டால் மேனேஜர் வலிப்பு வந்து போயே சேர்ந்திருப்பான். உன் வீட்டிலும் மாப்பிள்ளை நல்லெண்ணத்தில் இப்படி எதையாவது வாங்கி வருவார், ஒரு கண் வைத்துக்கொள்.

இப்போது உன் பூனை மைதாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய முதல் ஈற்றில் நாலு குட்டியும் போனபோது நீ ஊரையே கேட்டாய், என்னைத் தவிர. உன் போனில் இருக்கும் அந்தப் பூனைக்காரர்கள் குழுவில் ஒருத்தி குளிர் தாங்கவில்லை என்றாளாம், இன்னொருவர் தாய் மேலே படுத்து நசுக்கியிருக்கும் என்றாராம், மூன்றாவது ஆள் அறையில் கிருமி என்றாராம். நீயும் ஹீட்டர் வாங்கினாய், துணியையெல்லாம் தூக்கி எறிந்தாய், தரை முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினாய். பினாயில் பூனைக்கு விஷம். அதில் நடந்துவிட்டுக் காலை நக்கும், வயிற்றுக்குள் போகும். பூனைகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நீ, இதை நான் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். ஆனால் குட்டிகள் போனது இது எதனாலும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தபோது நீயாகத்தான் சொன்னாய், பிறக்கும்போது நாலும் கொழுகொழுவென்று இருந்தன, நன்றாகக் குடித்தன, மறுநாள்தான் சோர்ந்து மஞ்சளித்துப் போயின, மூத்திரம் கறுத்த டீ நிறத்தில் போனது என்று. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்வதற்கு உனக்கு என்ன கேடு.

போனை வைத்ததும் நம் பூனை டாக்டரிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாய்க்கு பி ரத்தம், தகப்பனுக்கு ஏ ரத்தமா இருக்கும்மா, டெஸ்ட் பண்ணாமலே சேர்த்துட்டாங்க போல" என்றார். மனிதர்களைப் போலப் பூனைக்கும் ரத்தத்தில் வகை உண்டு. பி வகைத் தாயின் ரத்தத்தில் ஏ வகைக்குப் பிறவிப் பகை இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை குட்டிக்கு ஆபத்தில்லை. அந்தப் பகை முதல் பாலில்தான் வருகிறது, தகப்பனின் வகையைக் கொண்டு பிறந்த குட்டி அதைக் குடித்ததும் அதன் ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகிறது. முதல் நாள் தாண்டிவிட்டால் குட்டியின் குடல் அதை உள்ளே விடாது, அதே தாயின் பால் ஒன்றும் செய்யாது. பிறந்ததும் முதல் பாலைக் கொடு, அதுதான் மருந்து என்று எல்லோரும் சொல்வார்கள், மற்ற பூனைகளுக்கு நானும் அதையேதான் சொல்வேன். நீயும் நாலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காம்பில் பொருத்தினாய், மந்தமாக இருந்த கடைசிக் குட்டிக்கு வாயைத் திறந்து வைத்துக் குடிக்கவிட்டாய்.

பல் டாக்டர் வீட்டு ஆண்பூனை போட்டியில் கோப்பை வாங்கியது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு மைதாவை அனுப்பினாயே, கோப்பையா குட்டிக்குத் தகப்பன். தாத்தா பாட்டன் பெயரெல்லாம் அச்சடித்த வம்சாவளித் தாளைப் பார்த்தாய் சரி, கிட்னி பரிசோதனை செய்தார்களா, இதயத்தை ஸ்கேன் எடுத்தார்களா, ரத்தம் என்ன வகை என்று ஒரு வார்த்தை கேட்டாயா. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குறட்டை விடுவாரா என்பதுவரை விசாரித்தவள் நீ. போதாததற்கு மைதா மறுபடியும் துணை தேடிக் கத்த ஆரம்பித்ததும், உடம்பு தேறக்கூட விடாமல், அதே பூனையிடம் அனுப்பி வைத்திருக்கிறாய். இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது அவளுக்கு நாள் நெருங்குகிறது, இனி திட்டி என்ன ஆகப்போகிறது.

மைதாவின் ரத்தத்தை உடனே பரிசோதிக்கச் சொல், முன்னங்காலில் கொஞ்சம் எடுத்தால் போதும். பல் டாக்டரையும் கூச்சப்படாமல் கேள், அவர் பூனைக்கும் பார்க்கட்டும். டாக்டர் சொன்னபடியே இருந்தால், பிரசவத்தன்று நீ பக்கத்திலேயே இரு, ஆபீசில் லீவு இப்போதே சொல்லிவை. குட்டிகளை அவள் நக்கட்டும், மோந்து பார்க்கட்டும், அதைத் தடுக்காதே. காம்பில் மட்டும் வாய் படக்கூடாது. இந்தக் கடிதத்தோடு, காம்பை மறைத்து அவள் வயிற்றைச் சுற்றிப் போட ஒரு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன், அப்பாவின் பழைய பனியன் நைந்து கிடந்ததால் புதியதில் வெட்டினேன், மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவள் அதைக் கிழித்துவிட்டால் குட்டிகளைத் தனிப் பெட்டியில் வை, வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வை. பூனைக்குட்டிக்கென்றே பால் மாவு விற்கிறார்கள், அதை டாக்டரிடம் கேட்டு வாங்கு, மாட்டுப்பால் வேண்டவே வேண்டாம். குட்டி ஜில்லென்று இருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்கு, பிறகுதான் பால். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுப் புகட்டாதே, நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்துப் புகட்டு. ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடியைத் துடைத்துவிட்டால்தான் மூத்திரம் போகும். சட்டையை எப்போது கழற்றலாம் என்று டாக்டர் சொல்வார், அவர் சொல்லும்வரை கழற்றாதே, பாவமாக இருக்கிறது என்று நடுவில் ஒரு வாய் விடாதே.

இன்னொன்று. உன்னிடம் இதைக் கேட்கக்கூடாது என்று மாப்பிள்ளை என்னிடம் வாக்கு வாங்கினார், நான் கேட்கிறேன். மைதாவைத் துணி துவைக்கும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாயாம். சாப்பாடும் தண்ணீரும் வேளாவேளைக்குப் போகிறதாம், நீ கிட்டே போய்த் தொடுவதில்லையாம். "நாலையும் முழுங்கிட்டு நிக்குது, இந்தத் தடவையும் சாகடிச்சா யாருக்காவது கொடுத்துடுவேன்" என்றாயாம். மகளே, அவள் யாரையும் கொல்லவில்லை. பெற்ற குட்டிகளுக்குப் பால் கொடுத்தாள், அவள் செய்தது அவ்வளவுதான். நீ அவற்றைப் பிழைக்கவைக்க எடுத்துக் கொடுத்தாய், நீ செய்ததும் அவ்வளவுதான். உன்மேல் உனக்கு இருக்கும் கோபத்தை அந்த வாயில்லாத ஜீவன்மேல் காட்டுகிறாய், பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா. நாலு குட்டிகளையும் புதைத்துவிட்டு அன்றைக்கே எனக்குப் போன் போட்டிருந்தால் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன், உன்கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். என்னிடம் வர உனக்கு அவ்வளவு பயமா என்றுதான் இந்த வாரம் முழுக்க நினைத்து நினைத்து மருகுகிறேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், மைதாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனையை மறக்காதே. அதற்கு டாக்டர் காலையில்தான் வருவார். அறைக் கதவை இப்போதே திற. அவள் உன்னிடம் வராவிட்டால் நீ போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்.

உன்மேல் கோபம் தீராத,
அம்மா